இழுத்து ஒட்டிய காட்சிகள்: ஸ்ட்ரெட்ச் ட்ரான்ஸிஷனும் ரமணாசிரமத்து ஊமைப் படங்களும்

திருவண்ணாமலை பெரிய கோயிலிலிருந்து கிரிவலம் புறப்படுகிறவர்கள் செங்கம் சாலையில் கொஞ்ச தூரம் நடந்ததுமே ரமணாசிரமத்தைக் கடக்கிறார்கள். 1896 செப்டம்பர் 1-ஆம் தேதி பதினாறு வயதுப் பையனாக இந்த ஊருக்கு வந்து, 1950 ஏப்ரல் 14 அன்று மறையும் வரை ஊரை விட்டு வெளியே போகாத ரமண மகர்ஷியின் இடம் அது. அவரைப் பற்றிப் புத்தகங்கள் ஏராளம். புகைப்படங்களும் நிறைய. ஆனால் அவர் அசைவதைக் காட்டும் படங்கள் கொஞ்சம்தான். 1930-களிலும் 1940-களிலும் சின்னக் கேமராக்களில் எடுக்கப்பட்ட ஊமைப் படச்சுருள்கள் அவை. கைத்தடியும் கமண்டலமுமாக நடந்து வருகிறார், சோபாவில் சாய்ந்திருக்கிறார், சுற்றிலும் ஆட்கள் வருகிறார்கள், போகிறார்கள். ஒவ்வொரு காட்சியும் சில நொடிகள்தான். பின்னாளில் இவை சுத்தம் செய்யப்பட்டு, தொகுக்கப்பட்டு, வீடியோவாக வெளிவந்தன.

இதற்கும் வீடியோ எடிட்டிங் மென்பொருளில் வருகிற ஸ்ட்ரெட்ச் ட்ரான்ஸிஷனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. ஒரு காட்சி முடிந்து அடுத்த காட்சி தொடங்கும் இடத்தில் படத்தை ரப்பர் மாதிரி இழுக்கலாம். ஒரு காட்சி ஓடும் நேரத்தை இழுக்கலாம். சதுரமான படத்தை அகலமான திரைக்காகப் பக்கவாட்டில் இழுக்கலாம். மூன்றுமே இழுப்புதான். ஆனால் எதை, யாருக்காக இழுக்கிறோம் என்பதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. அந்த வித்தியாசம் கல்யாண வீடியோவில் அவ்வளவாகத் தெரியாது. ரமணாசிரமத்துப் படங்களைப் போன்ற அரிய காட்சிகளில்தான் பளிச்சென்று தெரியும்.

சரி, கதையை ஆரம்பத்திலிருந்து பார்ப்போம்.

கட், டிஸால்வ், வைப்

இரண்டு காட்சிகளைச் சேர்க்க மிக எளிய வழி கட். ஒரு படச்சுருளின் கடைசி ஃபிரேமையும் அடுத்த சுருளின் முதல் ஃபிரேமையும் வெட்டி ஒட்டிவிடுவது. கத்தியும் பசையும் போதும்.

சினிமா பிறப்பதற்கு முன்பே ஒரு படம் கரைந்து இன்னொரு படமாக மாறும் வித்தையை மக்கள் பார்த்திருக்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில் மாய விளக்கு எனப்படும் கண்ணாடிப் பட விளக்குகள் இரண்டை வைத்து, ஒன்றின் வெளிச்சத்தைக் குறைத்து மற்றொன்றைக் கூட்டுவார்கள். அதையே பிரான்ஸ் நாட்டின் ஜார்ஜ் மெலியே 1899-ல் தன்னுடைய சின்ட்ரெல்லா படத்தில் சினிமாவுக்குக் கொண்டுவந்தார். ஆள் வைத்த கணக்கில் கேமராவுக்குள்ளேயே படச்சுருளைப் பின்னால் சுற்றி, அதே இடத்தில் இரண்டாவது முறையும் படமெடுக்க வேண்டும். ஒருமுறை தப்பினால் இரண்டு காட்சிகளுமே போச்சு!

தமிழ்நாட்டுக்கு சினிமா வந்ததும் இந்தக் காலத்தில்தான். திருச்சியில் ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-ல் ஒரு புரொஜெக்டரை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். பிறகு வேலூரைச் சேர்ந்த ஆர். நடராஜ முதலியார் சென்னையில் 'கீசகவதம்' என்ற ஊமைப்படத்தை எடுத்தார். அது வெளியான வருஷம் 1916 என்றும் 1918 என்றும் சொல்பவர்கள் உண்டு. தென்னிந்தியாவின் முதல் கதைப்படம் என்று பெயர் பெற்ற அந்தப் படத்தின் பிரதி இன்று இல்லை. அந்தக் காலத்துத் தென்னிந்திய ஊமைப்படங்கள் அநேகமாக எல்லாமே அழிந்துவிட்டன. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது. ஏனென்றால் தப்பிப் பிழைத்த சில நிமிடப் படங்களின் மதிப்பு இதை வைத்துத்தான் புரியும்.

பேசும் படம் வந்தபின் ஸ்டுடியோக்களில் ஆப்டிகல் பிரிண்டர் என்ற கருவி புழக்கத்துக்கு வந்தது. ஒரு பக்கம் புரொஜெக்டர், எதிர்ப் பக்கம் கேமரா, ஏற்கெனவே எடுத்த படத்தை ஃபிரேம் ஃபிரேமாகத் திரும்பப் படமெடுப்பது. இதில் டிஸால்வ் செய்யலாம், ஃபேட் செய்யலாம், ஒரு காட்சி மற்றொன்றைத் துடைத்துக்கொண்டு வருவது போன்ற வைப் செய்யலாம். 1933-ல் வந்த 'ஃப்ளையிங் டவுன் டு ரியோ' என்ற ஹாலிவுட் படத்தில் விதவிதமான வைப்கள் வரிசையாக வரும். ஆனால் எல்லாவற்றுக்கும் லேபில் செலவு உண்டு, நாள் கணக்கில் காத்திருப்பும் உண்டு. அதனால் தேவையில்லாமல் யாரும் டிஸால்வ் போட மாட்டார்கள். 'சில நாட்கள் கழித்து' என்று சொல்ல ஒரு டிஸால்வ், 'வேறு இடத்தில்' என்று சொல்ல ஒரு வைப். ட்ரான்ஸிஷன் என்பது இலக்கணத்தில் வரும் கமா, முற்றுப்புள்ளி மாதிரி இருந்தது. அலங்காரம் அப்புறம்தான்.

படம் ஒல்லியான கதை

படத்தை இழுக்கிற வித்தை முதலில் லென்ஸில் வந்தது. 1953-ல் 'தி ரோப்' படத்தோடு சினிமாஸ்கோப் அறிமுகமானது. படமெடுக்கும்போது அகலமான காட்சியைப் பக்கவாட்டில் பாதியாக நசுக்கி வழக்கமான 35 மி.மீ. படச்சுருளில் பதிப்பார்கள். தியேட்டரில் காட்டும்போது வேறொரு லென்ஸ் அதை மீண்டும் இரண்டு மடங்கு இழுத்துவிடும். தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் சிவாஜி நடித்த 'ராஜராஜ சோழன்', 1973.

இந்த நசுக்கலை நம் ஊர் மக்கள் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறார்கள். ஸ்கோப் படம் போடும்போது எழுத்து ஓடுகிற வரைக்கும் படம் நசுங்கிய நிலையிலேயே வரும். ஹீரோ தென்னை மரம் மாதிரி நெடுநெடுவென்று ஒல்லியாக நிற்பார். டைட்டில் முடிந்ததும் பழைய உருவத்துக்கு வந்துவிடுவார். பக்கவாட்டில் எழுத்து வெட்டுப்படாமல் இருக்க அப்படிச் செய்தார்கள். இழுக்கும்போதும் நசுக்கும்போதும் மனித உருவம் என்ன ஆகும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது.

படம் நினைவகத்துக்குள் போனது

வீடியோவில் நிலைமை வேறு. 1970-களின் நடுப்பகுதி வரை வீடியோ மிக்ஸர்களால் டிஸால்வ், வைப், ஒரு நிறத்தை நீக்கி இன்னொரு படத்தைப் புகுத்துவது, இவைதான் முடியும். படத்தைச் சின்னதாக்கவோ நீட்டவோ முடியாது. காரணம், வீடியோ என்பது மேலிருந்து கீழாகக் கோடு கோடாக ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு மின்சமிக்ஞை. ஓடுகிற தண்ணீரை எப்படி மடிப்பது?

தண்ணீரைக் குடத்தில் பிடித்தால் முடியும். அந்தக் குடம்தான் ஃபிரேம் ஸ்டோர். ஒரு முழு ஃபிரேமையும் எண்களாக மாற்றி நினைவகத்தில் வைத்துக்கொள்வது. இங்கிலாந்தின் குவான்டெல் நிறுவனம் செய்த அப்படிப்பட்ட கருவி 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்ஸில் பயன்பட்டது. ஓட்டக்காரர் மைதானத்துக்குள் நுழையும் காட்சியின் ஒரு மூலையில் ஒலிம்பிக் ஜோதி சின்னக் கட்டமாகத் தெரிந்தது. இன்று சாதாரணமாகத் தோன்றும் அந்தக் கட்டம் அன்று அதிசயம்! 1978-ல் குவான்டெலின் டிபிஈ 5000, 1981-ல் ஆம்பெக்ஸ் நிறுவனத்தின் ஏடிஓ ஆகியவை வந்தன. படம் சுருங்கியது, நீண்டது, புரண்டது, பறந்தது.

ஸ்ட்ரெட்ச் ட்ரான்ஸிஷன் பிறந்த இடம் இதுதான். அதன் கணக்கு மிக எளிது. டிஜிட்டல் வீடியோவில் ஒரு கோட்டுக்கு 720 புள்ளிகள். இந்தியாவில் பயன்படும் பால் முறையில் (குடிக்கிற பால் இல்லை, தொலைக்காட்சி முறையின் பெயர்!) நொடிக்கு 25 ஃபிரேம்கள். ஒரு நொடி ஸ்ட்ரெட்ச் என்றால், முதல் ஃபிரேமில் புதிய காட்சி முழுவதும் சுமார் 29 புள்ளி அகலமுள்ள ஒரு பட்டையாக இடது ஓரத்தில் நசுங்கி நிற்கும். அடுத்த ஃபிரேமில் 58. இப்படியே விரிந்து 25-ஆவது ஃபிரேமில் 720-ஐ எட்டும். நினைவகத்தில் இருக்கும் படம் மாறுவதில்லை. அதை எத்தனை புள்ளிக்கு ஒருமுறை வாசிக்கிறோம் என்பதுதான் மாறுகிறது.

கல்யாண வீடியோவின் காலம்

சென்னைத் தொலைக்காட்சி 1975-ல் தொடங்கியது. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி கலர் வந்தது. பின்னாலேயே வீடியோ டெக்கும் கேஸட்டும் ஊர் ஊராகப் பரவின. கல்யாண மண்டபங்களில் தோளில் கேமராவும் கூடவே பளீர் விளக்குமாக வீடியோக்காரர் நுழைந்தார். விளக்கு வெளிச்சத்தில் மாப்பிள்ளை கண்ணைச் சுருக்கிக்கொண்டு தாலி கட்டும் காட்சி இல்லாத வீட்டுக் கேஸட் இருக்காது.

1990-ல் அமெரிக்காவில் நியூடெக் நிறுவனம் வீடியோ டோஸ்டர் என்ற கருவியை வெளியிட்டது. லட்சக்கணக்கான டாலர் விலையுள்ள வித்தைகளைச் சாதாரண அமிகா கணினியில் செய்து காட்டியது. ஆனால் அது அமெரிக்க முறையான என்டிஎஸ்சி வீடியோவுக்கு மட்டுமே வேலை செய்தது. பால் முறையுள்ள இந்தியாவில் நேரடியாகப் பயன்படவில்லை. இங்கே டிஜிட்டல் மிக்ஸர்கள்தான் கல்யாண வீடியோவை ஆண்டன. அதனால்தான் எடிட்டிங் என்பதையே 'மிக்ஸிங்' என்று சொல்லும் பழக்கம் ஸ்டுடியோக்களில் ஏற்பட்டது.

கணினியில் எடிட்டிங் வேறு பாதையில் வந்தது. 1989-ல் அவிட், 1991-ல் அடோபி ப்ரீமியர். கமல்ஹாசனின் 'மகாநதி' (1994) அவிட் கருவியில் எடிட் செய்யப்பட்ட முதல் இந்தியப் படம் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. 2000-க்குப் பிறகு கணினி விலை இறங்கியதும் சின்ன ஊர் ஸ்டுடியோக்களிலும் ப்ரீமியரும் பினக்கிளும் வந்துவிட்டன. ப்ரீமியரின் அந்தக் காலப் பதிப்புகளில் ட்ரான்ஸிஷன்களுக்கு நடுவே ஸ்ட்ரெட்ச் என்றே ஒரு தனி ஃபோல்டர் உண்டு. அதைத் திறந்தால் கிராஸ் ஸ்ட்ரெட்ச், ஃபனல், ஸ்ட்ரெட்ச், ஸ்ட்ரெட்ச் இன், ஸ்ட்ரெட்ச் ஓவர் என்று ஐந்து. கிராஸ் ஸ்ட்ரெட்சில் பழைய காட்சி ஒரு பக்கம் நசுங்க நசுங்கப் புதியது மறுபக்கம் விரியும். வெறும் ஸ்ட்ரெட்சில் பழையது அசையாது, புதியது மேலே நீண்டு மூடும். ஃபனலில் பழைய காட்சி புனல் வழியாக உறிஞ்சப்பட்டது போல மறையும்.

இதில் தப்பு ஒன்றும் இல்லை. மூன்று மணி நேரக் கல்யாணக் கேஸட்டில் மொய் எழுதுகிறவரிடமிருந்து பந்திக்குப் போக ஒரு இழுப்பு இருந்தால் பார்க்கிறவர்களுக்கும் உற்சாகம். லேபில் நாள் கணக்கில் காத்திருந்த வித்தை ஒரு மவுஸ் இழுப்பில் வந்துவிட்ட சந்தோஷமும் அதில் இருக்கிறது. ஆனால் விலை போனதும் இலக்கணமும் கூடவே போய்விட்டது. கமா போட வேண்டிய இடத்திலெல்லாம் ஆச்சரியக்குறி!

போடுவது எப்படி? போட்டால் போவது என்ன?

ஸ்ட்ரெட்ச் ட்ரான்ஸிஷனைப் போடுவது சுலபம். டைம்லைனில் இரண்டு க்ளிப்களை ஒட்டி வைக்க வேண்டும். ஃபோல்டரிலிருந்து ட்ரான்ஸிஷனைப் பிடித்து, இரண்டும் சேரும் இடத்தில் விட வேண்டும். எவ்வளவு நேரம், எந்தப் பக்கத்திலிருந்து என்று அமைக்க வேண்டும். மேலே சிவப்புக் கோடு தெரிந்தால் என்டர் தட்டி ரெண்டர் ஆகும் வரை காத்திருக்க வேண்டும். பென்டியம் காலத்தில் அதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.

ஆனால் இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒரு நொடி ட்ரான்ஸிஷன் நடக்கும்போது இரண்டு க்ளிப்களும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். அதற்கு, வெட்டிய இடத்துக்கு அப்பாலும் இரண்டு க்ளிப்பிலும் கொஞ்சம் படம் மிச்சம் இருக்க வேண்டும். இந்த மிச்சத்துக்கு ஹேண்டில் என்று பெயர். பாத்திரத்துக்குக் கைப்பிடி மாதிரி. மிச்சம் இல்லையென்றால் மென்பொருள் கடைசி ஃபிரேமையே திரும்பத் திரும்பக் காட்டிச் சமாளிக்கும், அதாவது ஆள் சிலை மாதிரி உறைந்துபோவார். அல்லது இரண்டு க்ளிப்களையும் ஒன்றின்மேல் ஒன்று ஏற்றிவைக்க வேண்டியிருக்கும்.

கல்யாணத்தில் மணிக்கணக்கில் எடுத்திருப்பதால் ஹேண்டிலுக்குப் பஞ்சமில்லை. ரமணாசிரமத்துப் படங்களைப் போன்றவற்றில் கதை வேறு. அந்தக் காலத்துச் சின்னக் கேமராக்கள் சாவி கொடுத்து ஓடுபவை. ஒருமுறை முழுச் சாவி கொடுத்தால் சுமார் அரை நிமிடம் ஓடும். 100 அடி 16 மி.மீ. சுருளில் 4000 ஃபிரேம்கள். நொடிக்கு 16 ஃபிரேம் வேகத்தில் நான்கு நிமிடம் பத்து நொடியில் சுருள் தீர்ந்துவிடும். அதனால் எடுக்கிறவர்கள் ஐந்து நொடி, ஆறு நொடி என்று கஞ்சத்தனமாகத்தான் எடுப்பார்கள்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். மகர்ஷி நடந்து வருகிற காட்சி ஆறு நொடி என்று வைத்துக்கொள்வோம். இரண்டு முனையிலும் ஹேண்டில் இல்லை. முன்னால் ஒரு நொடி ட்ரான்ஸிஷன், பின்னால் ஒரு நொடி ட்ரான்ஸிஷன் போட்டால், கலப்பில்லாமல் அவரைப் பார்க்கக் கிடைப்பது நான்கு நொடிதான். மூன்றில் ஒரு பங்கு இழுப்பிலும் நசுக்கிலும் போய்விட்டது. அதுவும் ஸ்ட்ரெட்ச் என்றால் அந்த இரண்டு நொடியும் அவர் உருவம் பட்டையாக நசுங்கித் தெரியும். டிஸால்வ் மங்கலாக்கும், ஆனால் உருவத்தைக் கெடுக்காது. கட் எதையும் எடுத்துக்கொள்ளாது. நூறு வருஷத்துக்கு முந்தைய கத்தியும் பசையும்தான் இன்றும் மிக நேர்மையான ட்ரான்ஸிஷன்!

கேமரா எப்படி அங்கே வந்தது?

கோடாக் நிறுவனம் 1923-ல் 16 மி.மீ. படச்சுருளையும் 1932-ல் அதைவிட மலிவான 8 மி.மீ. படச்சுருளையும் வெளியிட்டது. ஸ்டுடியோ இல்லாமல் தனி மனிதர்கள் படம் எடுக்க முடிந்தது. அதே நேரத்தில் 1934-ல் பால் பிரண்டன் எழுதிய 'எ சர்ச் இன் சீக்ரெட் இந்தியா' என்ற புத்தகம் ரமணரை மேல்நாட்டில் பிரபலமாக்கியது. ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம் 1938-ல் வந்து போனார். இப்படி வந்தவர்கள் பெருகப் பெருக, கேமராவும் வந்தது. நடுத்தர ஊர் ஒன்றின் மலையடிவார ஆசிரமத்தில் வாழ்ந்த ஒருவர் அசையும் படத்தில் பதிவானது இப்படித்தான். ஒரு பத்து வருஷம் முன்னால் என்றால் இது அநேகமாக நடந்திருக்காது. விருபாக்ஷ குகையிலும் ஸ்கந்தாசிரமத்திலும் அவர் இருந்த 1922 வரையிலான காலம் அசையாத புகைப்படங்களோடு நின்றுபோனது.

நேரத்தை இழுப்பது

இனி இரண்டாவது இழுப்பு. பழைய ஊமைப்படங்களில் ஆட்கள் ஏன் குடுகுடுவென்று ஓடுகிறார்கள்? அந்தக் காலத்து மனிதர்கள் வேகமானவர்கள் என்பதால் இல்லை. சின்னக் கேமராக்களின் வழக்கமான வேகம் நொடிக்கு 16 ஃபிரேம். அதை அப்படியே நொடிக்கு 25 ஃபிரேம் ஓடும் வீடியோவாக மாற்றினால் 60 நொடிக் காட்சி 38 நொடியில் முடிந்துவிடும். வேகம் ஒன்றரை மடங்குக்கும் மேல்.

மகர்ஷியின் கடைசி வருஷங்களில் மூட்டு வலி. கைத்தடியை ஊன்றி மெதுவாகத்தான் நடப்பார். அவரைப் பார்த்தவர்கள் எழுதிய நினைவுகளில் அந்த நிதானம் திரும்பத் திரும்ப வருகிறது. அந்த நடையை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டினால் சார்லி சாப்ளின் படம் மாதிரி ஆகிவிடும். பார்க்கிறவர் சிரித்துவிடுவார். சிரிப்பு தப்பில்லை, ஆனால் அது பொய்யான காரணத்துக்கான சிரிப்பு. அவரை நேரில் பார்த்தவர்கள் இன்று அநேகமாக யாரும் இல்லை. அந்தச் சில நிமிடப் படம்தான் சாட்சி. சாட்சியே தப்பாகச் சொன்னால் அதைத் திருத்த ஆள் கிடையாது.

இதற்கு லேப்களில் பழைய வைத்தியம் ஒன்று உண்டு. அதன் பெயரே ஸ்ட்ரெட்ச் பிரிண்டிங். ஒவ்வொரு இரண்டாவது ஃபிரேமையும் இரண்டு தடவை அச்சிடுவது. 1, 2, 2, 3, 4, 4 என்று போகும். 16 ஃபிரேம் 24 ஆகிவிடும், வேகம் சரியாகிவிடும். நடை லேசாகத் தடுக்கினாற்போல் தெரியும், அவ்வளவுதான். இதே வேலையைக் கணினியில் க்ளிப்பின் வேகத்தைக் குறைத்துச் செய்யலாம்.

கணினி இன்னொன்றும் செய்யும். இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவே கால் எங்கே இருந்திருக்கும் என்று ஊகித்துப் புதிய ஃபிரேமை வரைந்துவிடும். பீட்டர் ஜாக்சன் 2018-ல் வெளியிட்ட 'தே ஷல் நாட் க்ரோ ஓல்ட்' படத்தில், நொடிக்கு 10 முதல் 18 ஃபிரேம் வரை பல வேகங்களில் எடுக்கப்பட்ட முதல் உலகப்போர்க் காட்சிகளை இப்படித்தான் 24-க்குக் கொண்டுவந்தார்கள். சிப்பாய்கள் நம் பக்கத்துவீட்டு ஆட்கள் மாதிரி நடக்கிறார்கள். பார்க்கும்போது மனம் கலங்கத்தான் செய்கிறது. இன்று செயற்கை நுண்ணறிவு மென்பொருளை வைத்து யார் வேண்டுமானாலும் பழைய படத்தை வழவழப்பாக்கலாம், கலர் பூசலாம். ஆனால் திரும்ப அச்சிட்ட ஃபிரேம் கேமரா பார்த்தது. ஊகித்து வரைந்த ஃபிரேம் கேமரா பார்க்காதது. இரண்டும் ஒன்றல்ல. வழவழப்பாக்கிய படத்தை வெளியிடுகிறவர்கள் அப்படிச் செய்ததைச் சொல்லிவிட்டால் பிரச்சினை இல்லை. சொல்லாமல் விட்டால், கேமரா பார்க்காத ஒரு அடியை மகர்ஷி எடுத்து வைத்ததாக வரலாறு ஆகிவிடும்.

அகலத்தை இழுப்பது

மூன்றாவது இழுப்பு எடிட்டிங் டேபிளில் நடப்பதில்லை, வீட்டு ஹாலில் நடக்கிறது. பழைய படங்களின் அகலமும் உயரமும் 4:3 என்ற கணக்கு. இப்போதைய டிவி 16:9. ரிமோட்டில் ஒரு பட்டனை அழுத்தினால் படம் திரை முழுக்க இழுபடும். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை போய்விடும். ஆனால் எல்லோருடைய முகமும் மூன்றில் ஒரு பங்கு அகலமாகிவிடும். கோவணம் மட்டும் கட்டிய மெலிந்த உடம்பு தொந்தி போட்ட உடம்பாகத் தெரியும். டைட்டிலில் ஹீரோ தென்னை மரமானதற்கு நேர் எதிர்.

கறுப்புப் பட்டையைப் பார்த்துக் காசு வீணாகிவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அந்தப் பட்டைதான் 'இவ்வளவுதான் படம், இதற்கு மேல் இல்லை' என்று சொல்கிறது.

இதை நன்றாகப் புரிந்துகொண்ட ஒருவர் 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையிலேயே இருந்தார். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்த்தியே ப்ரெஸ்ஸோன். மகர்ஷியின் கடைசி நாட்களில் ஊருக்கு வந்து படமெடுத்தவர். ஏப்ரல் 14 இரவு 8.47-க்கு வானத்தில் ஒரு எரிநட்சத்திரம் போனதைப் பார்த்ததாகச் சொன்னவர்களில் அவரும் ஒருவர். அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எடுத்த படத்தின் ஓரத்தை வெட்டக்கூடாது. ஃபிரேம் முழுவதும் அச்சாகியிருக்கிறது என்று காட்ட, நெகடிவின் கறுப்பு ஓரத்தையும் சேர்த்தே அச்சிடச் சொல்வார். படமெடுத்த கணத்தில் எது உள்ளே, எது வெளியே என்று கண் முடிவு செய்துவிட்டது, பிறகு கை வைக்கக் கூடாது என்பது அவர் கட்சி. அவருடைய கறுப்பு ஓரமும் டிவியின் கறுப்புப் பட்டையும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன.

கடைசியாக...

ஸ்ட்ரெட்ச் ட்ரான்ஸிஷன் நல்லதா கெட்டதா என்பதல்ல கேள்வி. கல்லூரி ஆண்டு விழா வீடியோவுக்கும், கார்த்திகை தீபத்துக்கு நண்பர்கள் சேர்ந்து போய்வந்த படத்துக்கும் தாராளமாகப் போடலாம். அங்கே எடுத்தவரும் இருக்கிறார், படத்தில் இருப்பவரும் இருக்கிறார். பிடிக்கவில்லை என்றால் இன்னொரு தடவை எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொரு தடவை எடுக்க முடியாத படங்கள்தான் வேறு ஜாதி. தாத்தாவின் அறுபதாம் கல்யாணக் கேஸட் ஒன்று பீரோவுக்குள் பூஞ்சை பிடித்துக் கிடக்கும் வீடுகள் எத்தனையோ. அதை யாராவது ஒருநாள் கணினியில் ஏற்றப் போகிறார்கள். அப்போது முதலில் செய்ய வேண்டியது, எதையும் தொடாமல் முழுவதையும் அப்படியே ஒரு பிரதி எடுத்து வைப்பது. வேகம் சரியாக இருக்கிறதா, அகலம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது. வெட்டி ஒட்டுவதை இன்னொரு பிரதியில் செய்வது. காட்சிக்கும் காட்சிக்கும் நடுவே கட் போட்டாலே போதும்.

ரமணாசிரமத்துப் படங்களில் ஒரு வயதானவர் கைத்தடியை ஊன்றி வந்துகொண்டே இருக்கிறார். அவர் எவ்வளவு மெதுவாக நடந்தாரோ அவ்வளவு மெதுவாக, எவ்வளவு மெலிந்து இருந்தாரோ அவ்வளவு மெலிந்து, கேமராவின் சாவி தீர்கிற வரை நடந்து வரட்டும். அதற்குப் பிறகு அடுத்த காட்சி.